மைலேஜ் புராணம்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு புது வண்டி வந்து நின்றால், எலுமிச்சம்பழம் நசுங்குவதற்குள் கூட்டத்தில் ஒருத்தர் கேட்டுவிடுவார்: "எவ்வளவு குடுக்குது?" விலையைக் கேட்கக் கொஞ்சம் கூச்சம் உண்டு. கடன் எவ்வளவு என்று கேட்க இன்னும் கூச்சம் உண்டு. மைலேஜ் கேட்க மட்டும் யாருக்கும் கூச்சம் கிடையாது. மகன் காலேஜில் என்ன படிக்கிறான் என்பதை யோசித்துச் சொல்கிற அப்பன்கூட, தன் வண்டி சின்னமனூர் தாண்டி லிட்டருக்கு எத்தனை ஓடியது என்பதைப் புள்ளி வைத்துச் சொல்வார்.

பூகோளம்தான் காரணம். மூன்று பக்கமும் மலை. காசு விளைவது மலைக்கு மேலே: ஏலம், மிளகு, தேயிலை. சோறு விளைவது கீழே. ஆகவே சம்பாதிக்க வேண்டுமென்றால் போடி மெட்டோ, கம்பம் மெட்டோ, குமுளியோ, ஏதோ ஒன்றை ஏறித் தொலைக்க வேண்டும். சரி, மலையே வேண்டாம், மதுரைக்குப் போய் உத்தியோகம் பார்ப்போம் என்றால் குறுக்கே ஆண்டிபட்டிக் கணவாய் நிற்கிறது. ஏறினால் எரிபொருள் போகும், இறங்கினால் பிரேக் தேயும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்கு எரிபொருள் சிக்கனத்தைப் பற்றி டெல்லியில் இருந்து யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக இங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த வரலாறு முழுக்க ஒரே ஒரு விதி ஓடுகிறது: மிச்சம் பிடித்தவர் ஒருத்தர், அந்த மிச்சத்துக்குப் பாடுபட்டவர் வேறொருத்தர்.

முதலில் பாடுபட்டது மாடு. அதனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

1887-ல் முல்லைப் பெரியாறு அணை வேலை தொடங்கியது. அதைக் கட்டிய இன்ஜினியர் பென்னிகுவிக் துரையைப் பற்றிக் கூடலூர்ப் பக்கம் கிண்டலாக எழுதிவிட்டு ஊருக்குள் நடமாட முடியாது. வீட்டில் படம், லோயர் கேம்பில் மணிமண்டபம், பிள்ளைகளுக்குக்கூட அவர் பெயர். எனவே துரையை ஒரு கும்பிடு போட்டு நகர்த்திவிட்டு, அவருடைய சாமான்களை இழுத்த மாட்டைப் பார்ப்போம். அந்தச் சாமான்களை இறக்க அப்போது வாய்த்த ரயிலடி அம்மையநாயக்கனூர். இன்றைக்கு நாம் கொடைரோடு என்று சொல்கிற ஸ்டேஷன். அங்கிருந்து கூடலூர் நூறு கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தூரமும் கட்டை வண்டி.

அந்த வண்டியின் பொருளாதாரத்தை இன்றைய ஷோரூம்காரர் எவரும் வெல்ல முடியாது. எரிபொருள் வைக்கோலும் பருத்திக்கொட்டையும். உள்ளூர்ச் சரக்கு, டாலர் ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை. புகைபோக்கியில் வருவதைத் தட்டிக் காயவைத்தால் அடுப்பெரிக்கலாம். வயலில் போட்டால் நெல் விளையும், அந்த நெல்லின் வைக்கோல் மறுபடி டேங்கில் விழும். ஆயுள் முடிந்தபின் தோல் செருப்பாகும். ஒரே ஒரு குறை: நிறுத்தி வைத்தாலும் தின்னும். சவாரி இல்லாத நாளிலும் பெட்ரோல் கேட்கிற காரை நீங்கள் வாங்குவீர்களா? வண்டிக்காரர் வாங்கினார், வேறு வழியில்லை. அதனால்தான் சும்மா நின்றால் நஷ்டம் என்று ராத்திரி பகலாக ஓட்டினார். ஓலா, ஊபர் காலத்து டிரைவர்தான் இந்த நோயை முதலில் கண்டுபிடித்தார் என்று நினைக்கக் கூடாது.

மலையடிவாரம் வந்ததும் மாட்டின் கணக்கு உதைத்தது. சமதளத்தில் ஒரு ஜோடி இழுக்கிற பாரத்தை ஏற்றத்தில் ஒரு ஜோடி இழுக்காது. கூடுதல் ஜோடி பூட்ட வேண்டும், அந்த ஜோடியும் தின்னும். இன்ஜினியர்கள் பார்த்தார்கள், மலைக்குக் கம்பிவடம் போட்டுச் சாமானைத் தொங்கவிட்டே ஏற்றினார்கள். 1895 அக்டோபரில் அணை திறந்தது, தண்ணீர் வந்தது. அணை நிலத்துக்குக் குத்தகை 999 வருஷம், அன்றைய கணக்கில் ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். எந்த கார் லோன்காரரும் இன்றுவரை இப்படியொரு தவணை கொடுத்ததில்லை.

அடுத்த கூத்து போடிக்கு மேலே. மூணாறில் கண்ணன் தேவன் கம்பெனி 1897-ல் உருவாகி, மலை மலையாகத் தேயிலை போட்டது. தேயிலை விளைந்துவிட்டது, கீழே எப்படி இறக்குவது? இன்றைக்கு மூணாறு என்றால் கொச்சிப் பக்கம் என்று நினைக்கிறோம். அன்றைக்கு அந்தத் தேயிலைக்கு வாசல் நம்ம போடி. மூணாறிலிருந்து குண்டலா பள்ளத்தாக்கு வழியாக மலை விளிம்புக்கு வந்தார்கள். அந்த விளிம்பில் சரக்கு மாற்றிய இடத்துக்குத்தான் டாப் ஸ்டேஷன் என்று பெயர். அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர் ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் தொங்கிக்கொண்டே குரங்கணிப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. டாப் ஸ்டேஷன் மேலே இருந்தால் கீழே இருப்பது என்ன? பாட்டம் ஸ்டேஷன். பெயர் வைப்பதிலும் வெள்ளைக்காரன் சிக்கனம். கொட்டகுடியிலிருந்து போடிக்குப் பழையபடி மாட்டு வண்டி, பிறகு ரயிலடி, பிறகு கப்பல்.

சரி, மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை? இதுதான் இந்தப் புராணத்தில் எனக்குப் பிடித்த அத்தியாயம். 1902-ல் அங்கே மோனோரயில் வந்தது. சென்னைக்கு மோனோரயில் விடுவோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுச் சலித்த தலைமுறை நாம். நமக்கு நூறு வருஷம் முன்னால், போடிக்கு மேலே அது ஓடிவிட்டது. இழுத்தது எது என்றுதானே கேட்கிறீர்கள்? மாடு.

யூவிங் முறை என்று அதற்குப் பெயர். தரையில் ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி அதன்மேல் உட்காரும். சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண் ரோட்டில் உருண்டு வரும். இதே முறையில் சில வருஷம் கழித்துப் பஞ்சாபில் பாட்டியாலா மகாராஜாவும் ஒன்று போட்டார். அதில் ஏறக்குறைய 96 சதவீதப் பாரம் தண்டவாளத்தின்மேல், மிச்சம்தான் பக்கச் சக்கரத்தில். இரும்பின்மேல் இரும்பு உருண்டால் உராய்வு குறைவு. மண்ரோட்டில் ஒரு டன்னுக்கு மூச்சு வாங்குகிற மாடு, தண்டவாளத்தில் அதைவிடப் பல மடங்கை அலட்சியமாக இழுக்கும். அதே பருத்திக்கொட்டை, கூடுதல் தேயிலை. பாதி ரயில், பாதி மாடு: எங்கள் வட்டாரத்தின் முதல் ஹைப்ரிட் அதுதான், ஜப்பான்காரன் பிரியஸ் காரை 1997-ல் விற்க ஆரம்பிப்பதற்கு 95 வருஷம் முன்னால். கம்பெனி இதற்காகச் சுமார் 500 மாடுகளை இறக்குமதி செய்து, அவற்றைக் கவனிக்க இங்கிலீஷ் மாட்டு வைத்தியர் ஒருவரையும் வைத்தது. கொழுந்து பறித்த ஆட்களுக்கு எத்தனை டாக்டர் என்று கேட்காதீர்கள். மைலேஜ் கொடுக்கிறவர்களுக்குத்தான் சர்வீஸ்.

1908-ல் மாட்டை ஓரங்கட்டிவிட்டு, இரண்டடி அகலப் பாதையில் நீராவி இன்ஜின் விட்டார்கள். மாடு எந்த நஷ்டஈடும் கேட்கவில்லை. 1924 ஜூலையில் பெய்த மழையில் மலை சரிந்து, ரயிலும் பாதையும் போன இடம் தெரியவில்லை. மலையாளத்துக்காரர்கள் இன்றும் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099. அந்த ரயில் லாபமா நஷ்டமா என்று ஆடிட்டர் பார்ப்பதற்குள் மழை பார்த்துவிட்டது. மறுபடி போட யாருக்கும் மனசில்லை.

இதற்குள் கீழே பெட்ரோல் வந்துவிட்டது. மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1912 வாக்கில் பஸ் விட்டார். பஸ் வந்ததும் மாடு ஒழிந்தது என்று பாடப் புத்தகம் எழுதும். மாடு அவ்வளவு லேசில் விடுமா? ரோட்டில் நடந்துபோகிற மாட்டின் லாட ஆணி அங்கங்கே கழன்று விழும். பின்னால் வருகிற பஸ்ஸின் டயரில் ஏறும். டயர் அன்றைக்கு யானை விலை. அய்யங்கார் என்ன செய்தார் தெரியுமா? வண்டியில் காந்தத்தைக் கட்டிவிட்டு ரோட்டைக் கூட்டி, ஆணி பொறுக்கினார். தொழில்நுட்பப் புரட்சிக்கு எதிராகக் காளைகள் நடத்திய அந்த அறவழிப் போராட்டத்துக்கு எங்கும் நினைவுத்தூண் கிடையாது.

1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. ஏலக்காய் மூட்டைக்குக் கொண்டாட்டம். பதினாலு வருஷம்கூட முழுசாக அனுபவிக்கவில்லை, உலகப் போர் வந்தது. இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போனார்கள். சரி பஸ்ஸில் போவோம் என்றால் பெட்ரோலுக்குக் கூப்பன். ரயிலும் இல்லை, பெட்ரோலும் இல்லை. ஹிட்லருக்கும் போடிக்கும் என்ன தகராறு என்று போடிக்காரர்களுக்கு இன்றுவரை புரியவில்லை.

அப்போது வந்ததுதான் கரி பஸ். அய்யங்காரின் டி.வி.எஸ். கம்பெனி மதுரையிலேயே கேஸ் பிளான்ட் செய்து விற்றது. பஸ்ஸின் பின்புறம் ஆளுயர இரும்பு உருளை. உள்ளே அடுப்புக்கரி. காற்றைக் குறைத்துக் கரியை எரித்தால் அது முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்கிற வாயுவைக் கக்கும். விஷவாயுதான், ஆனால் எரியும். அதை வடிகட்டி, குளிரவைத்து, இன்ஜினுக்குள் விட்டால் பெட்ரோல் இல்லாமலே பஸ் ஓடும். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்கிற வேலைக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கரி.

சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. நடைமுறை வேறு. சாவியைத் திருகினால் கிளம்பாது. காலையில் கிளீனர் பையன் முதலில் வந்து, கரியைக் கொட்டி, பற்றவைத்து, விசிறியைக் கையால் சுற்று சுற்றென்று சுற்ற வேண்டும். அரை மணி நேரம் சுற்றினால் வாயு பிடிக்கும். பிடித்ததா என்று குழாய் வாயில் தீக்குச்சி வைத்துப் பார்ப்பார்கள். நீலமாக எரிந்தால் சரி. இத்தனைக்கும் பிறகு, பெட்ரோலில் இருந்த வலுவில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். சமதளத்தில் சமாளிக்கும். கணவாய் வந்ததும் பஸ் நிற்கும், கண்டக்டர் எட்டிப் பார்ப்பார்.

"ஏப்பா, எல்லாரும் எறங்கு. பொம்பளைக, பிள்ளைக மட்டும் உக்காரு."

"டிக்கெட் வாங்கிருக்கேன்ல?"

"டிக்கெட் உக்காரத்தான் பெரியவரே. ஏத்தத்துல தள்ளுறது தனி."

காசு கொடுத்து ஏறி, கணவாயில் இறங்கித் தள்ளி, உச்சியில் மறுபடி ஏறி, கறுத்த மூஞ்சியோடு ஊர் போய்ச் சேர்ந்த கதையை எங்கள் பக்கத்துப் பெருசுகள் வீரக்கதையாகச் சொல்வார்கள். பொருளாதாரமாகப் பார்த்தால் விஷயம் சுத்தம்: முதலாளிக்குப் பெட்ரோல் மிச்சம், கிளீனருக்குக் கை வலி, பயணிக்கு முதுகு வலி, கரிக்காக வெட்டுப்பட்ட மரத்துக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பக்கம் கிடையாது. போர் முடிந்து பெட்ரோல் தாராளமானதும் உருளையைக் கழற்றி எறிந்தார்கள். கிளீனர் பையன்தான் முதலில் எறிந்திருப்பான்.

பிடுங்கிய தண்டவாளத்தை 1950-களில் திரும்பப் போட்டார்கள். லோயர் கேம்பில் மின்நிலையம் வந்தது. பெரியாற்றுத் தண்ணீர் குழாயில் விழுந்து கரண்ட் கொடுத்துவிட்டு, அதே வேகத்தில் நெல்லுக்கும் போனது. டீசல் வந்தது, ஜீப் வந்தது. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. அதைப் பற்றித் தனிப் புராணமே பாட வேண்டும். திராட்சைக் கூடை, வைக்கோல் கட்டு, ஆட்டுக்குட்டி, மாமியார் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, அரை லிட்டரில் ஊரைச் சுற்றி வந்த அந்தச் சின்ன வண்டிக்கு மானியம் கொடுத்ததாக எந்த அரசாணையும் நான் பார்த்ததில்லை.

இந்தக் காலத்தில்தான் பள்ளத்தாக்கின் மாபெரும் தத்துவம் பிறந்தது: இறக்கத்தில் நியூட்ரல். போடி மெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. உச்சியில் இன்ஜினை ஆஃப் செய்து, நியூட்ரலில் போட்டு, அடிவாரம் வரை உருட்டிக்கொண்டு வருகிற டிரைவரை ஊரே மெச்சியது. சொட்டு டீசல் செலவில்லை. ஆனால் இன்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்குத் துணை கிடைக்கும், கியரில் இருந்தால்தான் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். இரண்டும் இல்லாமல் பிரேக்கை மட்டும் மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். பத்து ரூபாய் டீசலுக்குப் பன்னிரண்டாவது வளைவைப் பணயம் வைத்தார்கள். இதைவிட வேடிக்கை, இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகள் கியரில் இறங்கும்போது எரிபொருளைத் தானாகவே முழுசாக நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். மிச்சம் பிடிக்கிறோம் என்று நியூட்ரல் போடுகிறவர் இன்றைக்கு அதிகம் செலவழிக்கிறார். சொல்லிப் பாருங்கள், "நீ எத்தன வருசமா வண்டி ஓட்டுற மாப்ள?" என்று கேட்பார்.

1996-ல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து ராமர் பிள்ளை மூலிகை பெட்ரோலோடு வந்தார். தண்ணீரில் தழையைப் போட்டுக் காய்ச்சினால் பெட்ரோல் என்றதும் டெல்லி விஞ்ஞானிகளே கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மலையடிவாரத்தில் ஆடு தின்கிற செடியையெல்லாம் நம் ஆட்கள் மரியாதையோடு பார்க்க ஆரம்பித்த வருஷம் அது. விவகாரம் சி.பி.ஐ., கோர்ட் என்று இருபது வருஷம் ஓடியது. வண்டி ஓடவில்லை. அடுத்து காட்டாமணக்கு டீசல் என்றார்கள். ஆடுகூடத் தொடாத செடி. டீசலும் வரவில்லை. நடுவில் மாருதி ஆம்னியில் சமையல் சிலிண்டரை ஒளித்துவைத்து ஓட்டிய கூட்டம் தனி. வீட்டில் அடுப்பு விறகில் எரியும், வாசலில் வேன் கேஸில் ஓடும். சமையல் கேஸுக்கு அரசு கொடுத்த மானியம் அப்படியே சவாரிக்குப் போனது. ஊதுகுழலை ஊதியது வீட்டுக்காரம்மா.

அரசாங்கம் மட்டும் சளைத்ததா? 2013 ஜனவரியில் டீசலை மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு மட்டும் லிட்டருக்கு ஏறக்குறைய 11 ரூபாய் விலை கூட்டினார்கள். சில்லறையில் வாங்கினால் பழைய மானிய விலை. கத்தரிக்காயை மூட்டையாக வாங்கினால் கிலோ நாற்பது, அரைக் கிலோவாக வாங்கினால் இருபது என்று உலகத்தில் எந்தச் சந்தையிலாவது உண்டா? டெல்லிச் சந்தையில் இருந்தது. அதிகம் வாங்குவது யார்? அரசு பஸ். தமிழக அரசு யோசித்தது: டிப்போவில் இருக்கிற பங்கை மூடிவிட்டு, பஸ்களை ரோட்டோரத் தனியார் பங்குக்கு அனுப்பியது. பாண்டியன் போக்குவரத்து என்று 1972-ல் தனியார் பஸ்களை நாட்டுடைமையாக்கித் தொடங்கிய பரம்பரை, நாற்பது வருஷம் கழித்து, டி.வி.எஸ். எக்ஸ்.எல்லுக்குப் பின்னால் வரிசையில் நின்று டீசல் பிடித்தது. "அண்ணே, நான் நூறு ரூபாய்க்குத்தான் போடுறேன், நீங்க முன்னாடி போங்க" என்று ஓரம் ஒதுங்கியவர்களும் உண்டு. எரிபொருள் பொருளாதாரம் படிக்க ஹார்வர்டு போகவேண்டாம், அந்த மாசம் ஏதாவது ஒரு பங்கில் நின்றிருந்தால் போதும்.

இனி பேட்டரி. பேட்டரி ஸ்கூட்டர்களின் முதல் அலை 2008 வாக்கில் வந்தது. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், மணிக்கு 25 கிலோமீட்டர், ஈய பேட்டரி. ரிட்டயர்டு வாத்தியார்கள் வாங்கினார்கள். 2012-ல் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம், சில ஊரில் அதற்கும் மேல் கரண்ட் இல்லை. வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு வாத்தியார் நடந்து கடைக்குப் போனார். இத்தனைக்கும் ஆண்டிபட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டில் காற்றாடிகள் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தன. கம்பம் கணவாய்க் காற்று தமிழ்நாட்டின் பெரிய காற்று வழிகளில் ஒன்று. காற்றாடி தெரிகிற தூரத்தில் வீடு, வீட்டில் சார்ஜ் ஏறாத ஸ்கூட்டர்.

ஹைப்ரிட் கார்கள் கதை சுருக்கம், ஏனென்றால் வந்து சேர்ந்ததே கொஞ்சம். 2010-ல் பிரியஸ் இந்தியாவுக்கு வந்தபோது விலை 26 லட்சத்துக்கு மேல். அதே கம்பெனியின் கொரோலா பாதி விலைக்கு அக்கம்பக்கம் கிடைத்தது. அந்த வித்தியாசத்துக்குப் பெட்ரோலே வாங்கி ஊற்றினால், கொரோலாவை லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பேரனுக்கும் கொடுத்துவிட்டுப் போகலாம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் ஹைப்ரிட்டுக்குச் செஸ்ஸோடு 43 சதவீதம் தீட்டினார்கள். மின்சார வண்டிக்கு 12, பிறகு 2019-ல் 5. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற காருக்குப் பெட்ரோல் குடிக்கிற பெரிய காரின் வரி. கம்பத்துத் திராட்சைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு டீசலே வாங்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மின்சாரக் கார் கணக்கு வேறு மாதிரி. வீட்டில் ஏற்றினால் ஒரு யூனிட்டுக்குச் சுமாராக 7 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆகா, 700 கிலோமீட்டர் ஓசி என்று துள்ளாதீர்கள். அந்த நூறை உங்கள் ஃபிரிட்ஜும் கிரைண்டரும் முன்பே தின்றுவிட்டன. காருக்குப் போகிற யூனிட் பில்லின் உச்சியில்தான் போய் உட்காரும், விலை அதிகமான படியில். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள். பெட்ரோல் லிட்டர் நூறு, வண்டி 15 கொடுக்கிறது என்றால் ஏறக்குறைய ஆறே முக்கால். கிலோமீட்டருக்கு 5 ரூபாய் மிச்சம். கார் விலையில் 4 லட்சம் கூடுதல் என்றால், 80,000 கிலோமீட்டர் ஓட்டினால்தான் வட்டி இல்லாமல் முதல் திரும்பும். வருஷத்துக்கு 10,000 ஓட்டுகிற தோட்டக்காரருக்கு எட்டு வருஷம். அதே காரை டாக்ஸியாக 50,000 ஓட்டினால் இரண்டே வருஷத்துக்குள். ஆனால் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் கார் எடுக்கிறவர் வாசலில்தான் அது நிற்கிறது. வரிச்சலுகை வாங்கியவர் அவர். ஓட்டினால் லாபம் பார்க்கக்கூடிய டாக்ஸிக்காரருக்கோ முன்பணம் இல்லை. தோட்டத்துப் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் உண்டே, அதில் ஒரு வயரை இழுத்தால் என்ன என்று யோசிக்கிற மூளையும் இங்கே உண்டு. சட்டப்படி தப்பு. இதைப் பற்றி மேலே எழுதுவதாக இல்லை.

மலை ஏறுவதில்தான் மின்சாரக் கார் உண்மையிலேயே கெட்டி. போடியிலிருந்து மெட்டுக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். ஒன்றரை டன் காரை அவ்வளவு உயரம் தூக்க, தூரத்துக்கு ஆவது போக, 4 யூனிட் கூடுதலாகச் செலவு. இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறி அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திருப்பித் தரும். நியூட்ரல் தாத்தாக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடிய மோட்சம் இதுதான். ஒரு எச்சரிக்கை: மேலே எஸ்டேட் பங்களாவிலேயே நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால் ஒன்றும் திரும்ப வராது, நிரம்பிய குடத்தில் எங்கே ஊற்றுவது? ஸ்விட்சர்லாந்தில் ஒரு சிமெண்ட் குவாரியில் பேட்டரி லாரி ஒன்று காலியாக மலை ஏறி, கல்லை நிரப்பிக்கொண்டு இறங்குகிறது. இறங்குகிற பாரம் அதிகம் என்பதால், செலவழிப்பதைவிட அதிகமாகச் சார்ஜ் ஏறுகிறது. ஏலக்காயும் மேலே விளைந்து கீழே இறங்குகிற சரக்குதான். ஆனால் கல்லின் எடைக்கு ஏலக்காய் எங்கே போகும்? 2019-ல் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போன பொருள் அது. எடை இல்லை, விலைதான்.

உண்மையில் இந்த மலையில் தினமும் ஏறி இறங்குகிற பாரம் ஏலக்காயும் அல்ல, மனிதர்கள்தான். விடிவதற்கு முன் கம்பம், கூடலூர், தேவாரம், போடித் தெருக்களில் ஜீப்கள் நிற்கும். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, பெண்கள் ஏறுவார்கள். பின்னால் பத்துப் பேர், நடுவில் ஐந்து, முன்னால் டிரைவருக்கு இடம் போக மூன்று. இப்போது மைலேஜ் கணக்குப் போடுங்கள். மலையில் ஜீப் லிட்டருக்கு 8 கொடுக்கிறது என்று வைத்தாலும், 18 பேருக்கு 144 ஆள்-கிலோமீட்டர். ஒற்றை ஆளோடு போகிற எந்த ஹைப்ரிட் காரும் இந்த ஜீப்பிடம் மண்டியிட வேண்டும். 60 பேரோடு 5 கிலோமீட்டர் கொடுக்கிற அரசு பஸ் இதைவிடவும் இரண்டு மடங்கு மேல். ஆனால் எஸ்டேட் கேட்டுக்குக் காலை ஆறரைக்கு அரசு பஸ் போகாது. இவ்வளவு சிக்கனமான ஜீப்பில் சிக்கனப்படுத்தப்பட்டது டீசல் இல்லை, இடுப்பும் முழங்காலும். வளைவில் வண்டி கவிழ்ந்தால் மறுநாள் பேப்பரில் எத்தனை பேர் ஏற்றினார்கள் என்று விசாரணை வரும். ஒரு வாரம் போலீஸ் நின்று எண்ணும். எட்டாவது நாள் மறுபடி பதினெட்டு.

கம்பத்தில் ஒரு ஜீப் டிரைவரிடம் பேட்டரி ஜீப் வந்தால் வாங்குவாயா என்று பேச்சுக் கொடுத்தேன். மெட்டு ஏறுமா, பதினெட்டு இழுக்குமா, மழைக்குத் தாங்குமா, லோன் கொடுப்பானா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் நியாயமான கேள்வி. தூக்குவாளியோடு பின்னால் ஏறிக்கொண்டிருந்த அக்காவுக்கு வேறு சந்தேகம்.

"பேட்டரி வண்டின்னா சத்தமே வராதாமே? அப்பறம் விடியக்காலம் நீ தெருவுக்குள்ள வந்தது எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஹாரன் அடிப்பேன்க்கா."

"ஆமா, அடிச்ச. அதுக்கும் பேட்டரி எறங்கும்னு நீ அடிக்காமப் போயிருவ. எங்க ஒரு நாக் கூலி போகும்."